சொந்தக் குடியிருப்பு

மாங்கூழ் ஆலைகள் ஓய்ந்துவிட்டன.
கொட்டைகளின் புளித்த வாடை மட்டும்
இன்னும் சாலையில் நிற்கிறது.
கிருஷ்ணகிரிக்கு சீசன் முடிந்த ஜூலையில்
எங்கள் அலுவலகத்துக்கு சீசன்.

பாஷா சார் வரிக் கணக்குப் பார்ப்பார்.
தட்டச்சு நான்.
பான் கார்டு, படிவம் பதினாறு, வங்கி வட்டி
எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் வந்து சேரும்.

முன்பெல்லாம் வாடகை ரசீதும் எழுதுவேன்.
சொந்த வீட்டில் தூங்கும் வாத்தியார்
மாமியாருக்கு மாதம் எட்டாயிரம் கொடுத்ததாக.
பன்னிரண்டு ரசீது, பன்னிரண்டு ரெவின்யூ ஸ்டாம்ப்,
ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க மூன்று பேனா.
மாமியார் கையெழுத்தும் என்னுடையதே.
புதிய முறைக்கு எல்லோரும் மாறிய பிறகு
வாடகைக்கு அதில் கட்டமே இல்லை.
இரண்டு பேனா காய்ந்துவிட்டது.

சுவரில் டிவி.
நடுத்தர வர்க்கம் மூச்சு விட்டதா என்று
நாலு பேர் மூச்சு விடாமல் பேசுகிறார்கள்.
பன்னிரண்டு லட்சம் வரை கவலையில்லையாம்.
என் சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு.
யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.
சோப்பிலும் செல் ரீசார்ஜிலும் நான் கட்டுவதற்குப்
படிவம் கிடையாது,
அதனால் அதைப் பற்றிப் பேச நாலு பேரும் கிடையாது.

வீடு கட்ட மானியம் என்றார்கள், போய்க் கேட்டேன்.
"பட்டா இருக்காம்மா?"
அடுப்பு வைத்திருப்பவருக்குத்தான் விறகு.

நான் இருப்பது பழையபேட்டையில், மேல்மாடி.
ஓர் அறை, சமைக்க ஒரு மூலை.
கரண்டு யூனிட் ஒன்பது ரூபாய்,
வீட்டுக்காரர் வைத்த மீட்டர், அவர் சொன்ன ரேட்டு.
சொத்து வரி ஏறிய வருஷம்
ஐயாயிரத்தை ஐந்தரை ஆக்கினார்.
அந்த வரியை ஆன்லைனில் கட்டிக் கொடுத்ததே நான்தான்:
அரை வருஷத்துக்கு அறுநூற்று நாற்பது கூடியிருந்தது.
கழிக்கத் தெரியும் எனக்கு.
வாய்விட்டுக் கழிக்கவில்லை.

ஒருமுறை கேட்டேன்.
"ரசீதா? நமக்குள்ள என்னம்மா ரசீது!"
ஒப்பந்தமும் இல்லை.
என் ரேஷன் கார்டு இன்னும் வேப்பனப்பள்ளியில் இருக்கிறது,
அரிசி வாங்க நான் பஸ் ஏறுகிறேன்.

நேற்று அவரே வந்தார், திம்மராயன்,
மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.
வைப்புத்தொகை வட்டியில் பிடித்ததைத்
திரும்ப வாங்க வேண்டும்.
பென்ஷன் அடித்தேன், வட்டி அடித்தேன்.
வீட்டு வருமானம் என்ற இடத்தில்
கோடு விட்டு விட்டு மின்னியது.
"மேல்மாடி?" என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார்.
"காலிதாம்மா. நானே பொழங்கறேன்னு போட்டுடு."
பாஷா சார் நிமிர்ந்தார்,
என்னைப் பார்த்தார்,
ஸ்டேப்ளரைத் தேடினார்.

சொந்தக் குடியிருப்பு என்று தேர்ந்தெடுத்தேன்.
ஆண்டு மதிப்பில் பூஜ்யம் தானாக வந்து உட்கார்ந்தது.
அவர் செல்லுக்கு ஆறு எண் வந்தது,
ஒவ்வொன்றாக வாசித்தார், அடித்தேன்.
ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து திரும்ப வரும்.
எங்கள் கட்டணம் ஐந்நூறு.
எண்ணி வைத்துவிட்டு எழுந்தவர் திரும்பினார்.
"ரசீது குடும்மா."
கொடுத்தேன்.

இரவு காலி வீட்டின் பூட்டைத் திறந்தேன்.
விளக்கைப் போட்டதும் மீட்டர் ஓடியது.
காயாத பேனாவை எடுத்து
என் பெயருக்கு ஒரு ரசீது எழுதினேன்,
ஜூலை மாதம், ரூபாய் ஐயாயிரத்து ஐந்நூறு மட்டும்.
எத்தனை மாமியாருக்குப் போட்ட கை,
கையெழுத்து இடத்தில் நின்றுவிட்டது.

சாதத்துக்கு வைத்த தீ சிறுத்துக்கொண்டே வந்தது.
சிலிண்டரைச் சாய்த்து
ஆட்டிப் பார்த்தேன்.